வயிற்றுக்குப் போட்ட கையெழுத்து

என் வயிற்றைக் கட்டிப்போடச் சொல்லி முதலில் கையெழுத்துப் போட்டவள் நானேதான். அதில் யார் மேலும் எனக்குக் குறை இல்லை. 2000-ஆம் வருடம் ஆஸ்பத்திரியில் என் மகன் பிறந்து மூன்றாம் நாள், ஒரு பெண்ணும் ஒரு ஆணும் இருக்கிறதே, போதுமா என்று டாக்டரம்மா கேட்டார்கள். போதும் என்றேன். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். பால் ஊறட்டும் என்று என் அம்மா பால்சுறா மீன் குழம்பு வைத்துக் கொடுத்தாள். அன்றைக்கு என்னைவிட நிம்மதியானவள் இந்தக் கடற்கரையில் இருந்திருக்க மாட்டாள். நான்கு வருடம் கழித்து அந்தக் கையெழுத்தை நினைத்து நினைத்து என் வயிற்றிலேயே அடித்துக்கொண்டேன்.

நம் கோயில் மலருக்கு எழுதித் தரச் சொல்லி பூசாரி மூன்று தடவை ஆள் அனுப்பினார். ஆத்தா உனக்குப் பிள்ளை வரம் கொடுத்ததை எழுது, படிக்கிறவர்களுக்கு நம்பிக்கை வரும் என்றார். எழுதுகிறேன். ஆனால் நல்லதை மட்டும் பொறுக்கி எழுத எனக்கு வராது. கெட்டதையும் சேர்த்துத்தான் எழுதுவேன். பிடிக்காதவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

என் பெயர் மலர்க்கொடி. எட்டாவது வரை படித்தவள். திருவேட்டக்குடிக்குப் பக்கத்தில் கடலை ஒட்டிய குப்பம் எங்கள் ஊர். என் வீட்டுக்காரர் கலைமணி கடலுக்குப் போவார், நான் மீன் கூடை தூக்குவேன். எங்கள் மகள் அபிராமிக்கு 2004-இல் ஏழு வயது. மகன் அன்புக்கு நான்கு வயது. ஒரே பிரசவத்தில் பிறந்ததுகள் போல ஒட்டிக்கொண்டு திரியும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. விடிகாலையில் ஏலம் எடுத்த மீனோடு நான் சுரக்குடிக்குப் போய்விட்டேன். அங்கே நடவு வேலைக்குப் போகிறவர்கள் ஞாயிறு என்றால் மீன் வாங்காமல் இருக்க மாட்டார்கள். வீட்டுக்காரர் ஆழக்கடலில் இருந்தார். பிள்ளைகளை என் அம்மாவிடம் விட்டிருந்தேன். நான் ஒரு வீட்டு வாசலில் சங்கரா மீனை அரிந்துகொண்டிருக்கும்போதுதான் கடல் உள்ளே வந்துவிட்டது என்று ஒருவர் சைக்கிளில் கத்திக்கொண்டு போனார். கடல் எப்படி வரும் என்று அந்த வீட்டம்மாவும் நானும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னைப் பிடிக்காமல் போகிறது.

கடலுக்குள் இருந்த வீட்டுக்காரரைக் கடல் ஒன்றும் செய்யவில்லை. படகு ஒரு தூக்குத் தூக்கி இறக்கியதாம், அவ்வளவுதான். கரையில் இருந்த பிள்ளைகளைத்தான் கொண்டுபோனது. அம்மா இரண்டு பேரையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். தண்ணீர் அடித்ததில் இரண்டு கையும் நழுவிவிட்டது. அம்மா மட்டும் ஒரு வேப்பமரத்தில் சிக்கிக்கொண்டாள். என் மகளை அன்று சாயங்காலம் பார்த்தேன். மகனைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மணல்மேட்டில் ஊர்ப் பிள்ளைகளோடு சேர்த்துப் புதைத்தோம்.

தலைமுறை தலைமுறையாக எங்கள் குடும்பம் கடலைத் தாயே என்றுதான் கூப்பிட்டது. உப்பைத் தின்றோம், மீனைத் தின்றோம், அதன் பெயரில் சத்தியம் செய்தோம். அது இப்படிச் செய்தது. பக்கத்திலேயே நம் ஆத்தா கோயில். கழுத்து வரை மணல் மூடியும் சிலை சாயவில்லை, என்ன சக்தி பாருங்கள் என்று ஊரே கும்பிட்டது. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்தவளுக்கு என் பிள்ளைகளைக் காப்பாற்றத் தெரியவில்லையா? அதற்குப் பிறகு நான் கோயில் பக்கமே போகவில்லை. பேச்சும் குறைந்துபோனது. கேட்டால் பதில் சொல்வேன், அதோடு சரி.

எங்களைத் தகரக் கொட்டகையில் குடிவைத்தார்கள். அந்த மாதங்களில் நாங்கள் கையெழுத்துப் போடாத நாளே கிடையாது. அரிசிக்கு ஒன்று, பாத்திரத்துக்கு ஒன்று, போன ரேஷன் அட்டைக்கு ஒன்று, கிழிந்துபோன வலைக்கு ஒன்று, செத்த பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று. யாராவது காகிதத்தோடு வருவார்கள், இங்கே போடுங்க என்று விரலால் காட்டுவார்கள், போடுவோம். ஆரம்பத்தில் படித்துப் பார்த்தேன். அதில் என் பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் ‘இறந்தவர்’ என்று இருக்கும். அதற்குப் பிறகு படிப்பதை நிறுத்திவிட்டேன். எங்கள் கொட்டகையில் யாருமே படிக்கவில்லை. பழகிப்போய்விட்டது.

மாசி மாதம் நர்சம்மா ஒருவர் வந்தார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த ஆபரேஷன்காரிகள் யார் யார் என்று விசாரித்தார்கள். கட்டிய குழாயைத் திரும்பச் சேர்த்து வைக்கிற ஆபரேஷன் இருக்கிறது, புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் செய்வார்கள், செலவு அரசாங்கத்தோடது என்றார்கள். சேர்த்தால் மறுபடி பிள்ளை பிறக்குமா என்று ஒருத்தி கேட்டாள். சிலருக்குப் பிறக்கும், சிலருக்குப் பிறக்காது, ஆனால் வழி இருக்கிறது என்றார்கள். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரு பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

எனக்கு முப்பது வயது கூட ஆகவில்லை. மடியில் பால் வாசனை போயும் போகாமலும் இருந்த உடம்பு. அந்தச் சொல்லைக் கேட்டதும் இரண்டு மாதத்தில் முதல் தடவையாக எனக்குப் பசித்தது. அன்று இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். பார்க்கலாம் என்றார். மறுநாளும் சொன்னேன். பார்க்கலாம் என்றார். தினம் சொன்னேன். ஒரு நாள், நீ சொன்ன ஆபரேஷன் பேப்பர் வந்துடுச்சு என்று ஒரு காகிதத்தை அவரே கொண்டுவந்தார். நான் கொட்டகைக்கு வெளியே கெளுத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அவர் விரல் காட்டிய இடத்தில் போட்டேன். அப்பாடா, மனசு இறங்கிவிட்டாரே என்று இருந்தது. அந்தக் கெளுத்திக் குழம்பில் அவருக்குத்தான் பெரிய துண்டாகப் போட்டேன்.

நான்கு நாள் கழித்து என் தங்கை பூங்கோதை வந்தாள். அவளுக்கு அப்போது பதினெட்டு வயது, பன்னிரண்டாவது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அம்மாவோடுதான் இருந்தாள். உள்ளே வந்தவள் உட்காரவில்லை. அதே காகிதத்தை என் முன்னால் போட்டாள்.

“இது உன் கையெழுத்தாக்கா?”

ஆமாம் என்றேன்.

“என்னை ஒரு வார்த்தை கேக்காம என்னைத் தூக்கிக் குடுத்துட்டியேக்கா. நான் உனக்கு என்ன செஞ்சேன்?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காகிதத்தை எடுத்துப் படித்தேன். ஊர்ப் பஞ்சாயத்தாருக்கு எழுதியிருந்தது. எனக்கு இனிப் பிள்ளைப்பேறு இல்லாத காரணத்தால், என் கணவர் என் உடன்பிறந்த தங்கையை மணந்துகொள்ள நான் முழு மனதோடு சம்மதிக்கிறேன் என்று இருந்தது. கீழே மலர்க்கொடி என்று என் கையால் நானே போட்டிருந்தேன். ‘ம’ எழுத்தின் மேல் மீன் ஈரம் பட்டு மை பரவியிருந்தது.

எங்கள் ஊரில் முதல் பெண்டாட்டி சம்மதம் கொடுத்தால்தான் இரண்டாம் கல்யாணத்துக்குப் பஞ்சாயத்து சரி சொல்லும். அதற்குத்தான் அந்தக் காகிதம். பெண்ணும் கையெழுத்துப் போட வேண்டும் என்று அம்மா அதைப் பூங்கோதையிடம் கொடுத்திருக்கிறாள். அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள், படித்துப் பார்த்துவிட்டாள். இது ஆபரேஷன் பேப்பர் என்று சொல்லித்தான் மாமா என்னிடம் வாங்கினார் என்று நான் சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் அழவில்லை. யார் முகத்தை யார் பார்ப்பது என்று தெரியாமல் இருந்தோம்.

வீட்டுக்காரர் செய்ததைக்கூட ஒரு பக்கம் வைக்கலாம். என்னைப் பெற்றவளும் கூட்டா? அம்மாவிடம் போய்க் கேட்டேன். அம்மா மறைக்கவில்லை. மாப்பிள்ளை எப்படியும் இன்னொருத்தியைக் கட்டத்தான் போகிறார், ஆபரேஷன் எல்லாம் நடக்கிற காரியமா, வெளியிலிருந்து ஒருத்தி வந்தால் உன்னைத் தெருவில் நிறுத்துவாள், நம் வீட்டுப் பெண் என்றால் உனக்கு ஒரு வாய்ச் சோறாவது நிச்சயம் என்றாள். பிறகு என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“உன் ரெண்டு புள்ளையும் என் கையிலேருந்துதானடி போச்சு. அதுக்கு ஈடா என்கிட்ட இருந்தது பூங்கோதை ஒருத்திதான்.”

“கை நழுவுனதுக்கு உன்னை ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனாம்மா? தண்ணி இழுத்துச்சு, நீ என்ன செய்வே? ஆனா இது தண்ணி இல்லம்மா. இது நீ உக்காந்து யோசிச்சு செஞ்சது.”

காலை உருவிக்கொண்டேன். அதற்கு மேல் நிற்கவில்லை. என் நல்லதுக்கு என்று நினைத்துத்தான் செய்தாள், எனக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அது அதிகமாக வலித்தது. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் இரண்டு கெட்ட வார்த்தை திட்டிவிட்டுத் தலைமுழுகியிருப்பேன்.

அங்கிருந்து நேராகக் கோயிலுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை, உச்சி வெயில், ஒருவரும் இல்லை. கும்பிடப் போகவில்லை. மண்ணை வாரித் தூற்றத்தான் போனேன். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வேறு வழி இல்லாமல் போனால் அதுதான் வழி. ஆத்தா முன்னால் நின்று மண்ணை வாரித் தூற்றி, நீ விளங்க மாட்டே என்று சொன்னால், அந்த ஆள் அந்த வருடம் தாண்ட மாட்டான் என்று பயப்படுவார்கள். இரண்டு கையிலும் மண்ணை அள்ளினேன். வீட்டுக்காரர் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது கையைப் பார்த்தேன். அலை கொண்டுவந்து கொட்டிய அதே மண். என் பிள்ளைகள் மேல் நாங்கள் தள்ளிய மண்ணும் இதுதானே. அதைத் தூற்ற எனக்குக் கை வரவில்லை. மெதுவாகக் கீழே வைத்துவிட்டேன்.

அப்புறம் அழுதேன். டிசம்பரில் வராத அழுகை எல்லாம் வந்தது. ஆத்தாவை நான் பேசிய பேச்சைப் பூசாரி அச்சில் போட மாட்டார், அதனால் விடுகிறேன். கடல் ஏமாற்றியது, கட்டினவர் ஏமாற்றினார், பெற்றவள் ஏமாற்றினாள், நீயும் கல்லு மாதிரி பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாய் என்று கேட்டேன். கடைசியில் இரண்டே இரண்டு கேட்டேன். என் வயிற்றை எனக்குத் திருப்பிக் கொடு. அதற்கு முன்னால் ஒருவராவது என்னிடம் உண்மையைச் சொல்லட்டும். நேர்த்திக்கடன் என்று ஒன்றும் சொல்லவில்லை. பொங்கல் வைக்கிறேன், முடி இறக்குகிறேன் என்று எதுவும் கிடையாது. தர வேண்டியவள் நீ, நான் எதற்கு உனக்குத் தர வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து கூடியது. பெண்கள் அங்கே போய் உட்காருவது வழக்கமில்லை. கூப்பிட்டால் போய் ஓரமாக நின்று பதில் சொல்லிவிட்டு வர வேண்டும். என்னை யாரும் கூப்பிடவில்லை. எழுத்தாகச் சம்மதம் இருக்கும்போது எதற்குக் கூப்பிட வேண்டும்? நான் பூங்கோதையின் கையைப் பிடித்துக்கொண்டு போய் நடுவில் நின்றேன். சலசலப்பு எழுந்தது. முன்னால் வீட்டுக்காரர் நின்றிருந்தார். இரண்டு மாதமாக ஊமை போலக் கிடந்தவள் நான். எனக்கு எங்கிருந்து குரல் வந்தது என்று எனக்கே தெரியாது.

“ஐயா, கையெழுத்து என்னுதுதான். மேல எழுதியிருக்கிறது என்னுது இல்ல. ஆபரேஷன் பேப்பருன்னு சொல்லி வாங்கினாங்க. இல்லன்னா அவங்களையே கேளுங்க.”

உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அவர் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கையெழுத்து இருக்கிறது, படித்தவள்தானே, போடும்போது தெரியாதா என்று என்னைத்தான் பைத்தியக்காரி ஆக்கியிருப்பார்கள். சாட்சி சொல்ல யாரும் இல்லை. அம்மா சொல்ல மாட்டாள். பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக்காரரைப் பார்த்தார். இந்தப் பெண் சொல்வது நிஜமா என்று கேட்டார். வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“ஆமாங்க. நான் பொய் சொல்லித்தான் வாங்கினேன்.”

பிள்ளை பிறந்ததை எல்லோரும் அற்புதம் என்கிறார்கள். எனக்கு அற்புதம் நடந்தது அன்றைக்குத்தான். அவர் பொய் சொல்லத் துணிந்தவர். அந்தப் பொய்யை இன்னும் ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் ஜெயித்திருப்பார். ஏன் சொல்லவில்லை என்று நான் இன்று வரை கேட்கவில்லை. கேட்டால் அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை கோயிலில் நான் கேட்டது ஞாயிற்றுக்கிழமை ஊர் நடுவில் என் கையில் வந்தது. தலைவர் காகிதத்தைக் கிழித்துப் போட்டார். பூங்கோதை பரீட்சை எழுதட்டும், நீ உன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ என்றார்.

ஆனி மாதம் புதுச்சேரியில் ஆபரேஷன் நடந்தது. பாரத்தை நான் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் போட்டேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முனகினார்கள், முனகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆபரேஷன் முடிந்து டாக்டரம்மா சொன்னார்கள், ஒரு பக்கக் குழாய்தான் சேர்ந்தது, இன்னொரு பக்கம் சேர்க்கிற மாதிரி மிச்சம் இல்லை, நம்பிக்கையோடு இருங்கள், நிச்சயமாக என்னால் சொல்ல முடியாது என்று. நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று அவர்கள் நேராகச் சொன்னதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அந்த வருடம் என்னிடம் நேராகப் பேசியவர்கள் குறைவு.

இனி எழுதுவதைப் பெண்கள் புரிந்துகொள்வார்கள். வயிறு திறந்தால் மட்டும் போதாது. பிள்ளை வேண்டுமென்றால் அவர் வேண்டும். முகத்தைப் பார்க்கப் பிடிக்காதவரோடு பாய் விரிக்க வேண்டும். ஆத்தா, நீ கொடுத்த வழி இதுதானா என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். அவரும் குற்றம் செய்தவராகத்தான் பக்கத்தில் படுத்திருப்பார். அப்படி ஒன்றரை வருடம் போனது. மாதா மாதம் நாள் எண்ணுவேன். மாதா மாதம் தலைக்குக் குளிப்பேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய், என்ன ஆத்தா, இந்த மாதமும் ஏமாற்றிவிட்டாயா என்று கேட்டுவிட்டு வருவேன். போவதை மட்டும் நிறுத்தவில்லை. சண்டை போடவாவது எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது.

2007 தை மாதம் நாள் தள்ளிப்போனது. பத்து நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. சுரக்குடியில் மீன் விற்கும்போது வாடை குமட்டிக்கொண்டு வந்தது, வாசலிலேயே வாந்தி எடுத்தேன். அந்த வீட்டம்மாதான் முதலில் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். நான்கு கிலோ மீனை அப்படியே அவர்கள் வீட்டில் கொட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். உறுதி என்றார்கள். புரட்டாசியில் பெண் பிறந்தாள். சேர்த்துத் தைத்த அந்த ஒற்றைக் குழாய் வழியாக வந்தவள்.

பார்க்க வந்தவர்கள் எல்லாம் போன அபிராமியே திரும்பி வந்துவிட்டாள் என்றார்கள். அதை மட்டும் என் முன்னால் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போனவர்கள் போனவர்கள்தான். அவர்கள் இடத்தில் யாரும் வந்து உட்கார முடியாது. இவள் வேறு ஆள், இவளுக்கு வேறு முகம், வேறு பிடிவாதம். மண்ணில் இருக்கிற இருவருக்கும் நான் அம்மா, இவளுக்கும் நான் அம்மா. மூன்று பெற்றவள் என்றுதான் யார் கேட்டாலும் சொல்கிறேன்.

பூங்கோதை நர்சு படிப்பு படிக்கிறாள். அம்மா அடிக்கடி வருவாள், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் காபி போட்டுக் கொடுப்பேன். அதற்கு மேல் எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

பிள்ளையை முதல் தடவை கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போன அன்று வீட்டுக்காரரும் கூட வந்தார். பூசாரி தீபம் காட்டிவிட்டு நகர்ந்ததும், ஆத்தா முன்னாலேயே வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார்.

“என்னை மன்னிச்சிடு, மலரு.”

“ஆத்தாகிட்ட கேளுங்க, அவ உடனே குடுப்பா. எனக்கு நாள் வேணும்.”

சரி என்று தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு கேட்டதில்லை. நானும் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே பிள்ளையைக் கொஞ்சுகிறோம். வேண்டுதல் பலித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். எனக்குப் பலித்தது, எல்லாம் சரியாகவில்லை. ஆனால் என்னை ஏமாற்றாத ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்தது. அவளைத்தான் நான் அதிகமாகத் திட்டினேன். அவள்தான் இரண்டையும் கொடுத்தாள், நான் கேட்ட வரிசையிலேயே, ஒரு நேர்த்திக்கடனும் வாங்காமல்.

இதைப் படிக்கிற அக்கா தங்கைகளில் பிள்ளை இல்லாமல் வயிறு காய்ந்தவர்கள் இருப்பீர்கள், சொந்த வீட்டிலேயே ஏமாந்தவர்கள் இருப்பீர்கள். மனசு ஆறட்டும், அப்புறம் கோயிலுக்குப் போகலாம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்கும் போங்கள், ஆத்தாவிடமும் போங்கள். கோபத்தோடேயே போங்கள். நான் அப்படித்தான் போனேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இன்னும் அப்படித்தான் போய் விளக்கு ஏற்றுகிறேன். விளக்கு எரியத்தான் செய்கிறது.